வரலாற்று மர்ம நாவல்கள்: தேடிப் படிக்கவும் சேர்ந்து படிக்கவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரலாற்று மர்ம நாவல் என்று எதைச் சொல்கிறார்கள்? ஷெர்லாக் ஹோம்ஸ் இதில் சேருமா?

சேராது. கானன் டாயில் ஹோம்ஸை எழுதத் தொடங்கியபோது தன் காலத்து லண்டனைத்தான் எழுதினார். குதிரை வண்டியும் கேஸ் விளக்கும் நமக்குத்தான் பழசு, அவருக்கு அன்றாடம். வங்காளத்தின் ப்யோம்கேஷ் துப்பறியும் கதைகளும் அப்படியே. எழுதுகிறவர் ஆவணங்களைப் புரட்டித்தான் அறிய முடிகிற ஒரு காலத்தில் குற்றம் நடக்க வேண்டும்; அந்தக் காலத்து ஆள், அந்தக் காலத்து அறிவைக் கொண்டே அதை அவிழ்க்க வேண்டும். பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் இவ்வகைக்கு 1999 முதல் தனி விருது தருகிறது. கதைக் காலம் குறைந்தது 50 ஆண்டுகளுக்கு முந்தியதாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் எல்லை.

விளிம்பில் நிற்கும் நாவல் ஒன்று உண்டு. ஜோசஃபின் டே எழுதிய 'த டாட்டர் ஆஃப் டைம்' (1951). மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் இருபதாம் நூற்றாண்டு இன்ஸ்பெக்டர், 15ஆம் நூற்றாண்டு மன்னர் மூன்றாம் ரிச்சர்டு மீதான கொலைப் பழியைப் புத்தகங்களை வைத்தே விசாரிக்கிறார். அருமையான நூல். ஆனால் இந்த வகைக்குள் நுழைய அது வாசல் அல்ல. நான்கைந்து நாவல்கள் படித்த பிறகு எடுங்கள்.

முதல் புத்தகமாக எதை எடுக்கலாம்?

எல்லிஸ் பீட்டர்ஸின் கேட்ஃபெல் வரிசை. இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி மடத்தில் மூலிகைத் தோட்டம் பார்க்கும் துறவிதான் துப்பறிபவர். சிலுவைப் போரில் வாளெடுத்துவிட்டுப் பிற்பாடு துறவியானவர். 1137 முதல் 1145 வரை, அரசர் ஸ்டீஃபனுக்கும் பேரரசி மாட் (Maud) என்பவருக்கும் நடந்த வாரிசுரிமைப் போரின் நடுவே கதைகள் நகர்கின்றன. மொத்தம் 20 நாவல்கள், ஒரு சிறுகதைத் தொகுப்பு. இரண்டாவது நாவலான 'ஒன் கார்ப்ஸ் டூ மெனி' (1979) இந்த வகையின் அழகை ஒரே எண்ணிக்கையில் காட்டிவிடும்: கோட்டை வீழ்ந்ததும் 94 பேர் தூக்கிலிடப்படுகிறார்கள், அடக்கம் செய்யப் போன கேட்ஃபெல் எண்ணிப் பார்க்கையில் 95 உடல்கள் கிடக்கின்றன.

சிரித்துக்கொண்டே படிக்க விரும்பினால் லிண்ட்சி டேவிஸின் ஃபால்கோ வரிசை. முதல் நாவல் 'த சில்வர் பிக்ஸ்' (1989), கி.பி. 70இன் ரோமில் தொடங்குகிறது. தடிமனான, இருண்ட நாவல் பிடிக்குமென்றால் சி. ஜே. சான்சமின் 'டிசல்யூஷன்' (2003): எட்டாம் ஹென்றி மடங்களை மூடிக்கொண்டிருந்த 1537ஆம் ஆண்டில், ஒரு மடத்தில் நடந்த கொலையை விசாரிக்க வழக்கறிஞர் ஷார்ட்லேக் அனுப்பப்படுகிறார்.

'த நேம் ஆஃப் த ரோஸ்' நூறு பக்கத்தோடு நின்றுவிட்டது. என்ன செய்வது?

உம்பர்ட்டோ எக்கோவின் இந்த நாவலில் (இத்தாலியில் 1980, ஆங்கிலத்தில் 1983) பெரும்பாலானவர்கள் நிற்பது அங்கேதான். முதல் நூறு பக்கங்களைச் சுருக்கச் சொல்லிப் பதிப்பாளர் தரப்பில் கேட்டபோது எக்கோ மறுத்துவிட்டார். கதை நடக்கும் கிறித்தவ மடத்துக்குள் ஏழு நாள் வாழ வேண்டுமென்றால் அதன் நடைக்கு வாசகர் பழக வேண்டும் என்பது அவர் எண்ணம். எனவே தாண்டிப் போகாதீர்கள். மொழிபெயர்க்காமல் விட்டிருக்கும் லத்தீன் வரிகளை மட்டும் அகராதி தேடாமல் கடந்துவிடலாம், கதை அறுபடாது. போப்புக்கும் பேரரசருக்கும் 1327இல் இருந்த பகையைப் பற்றி ஒரு பக்கம் முன்கூட்டிப் படித்துக்கொண்டால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

அத்தியாயத் தலைப்புகளாக வரும் தொழுகை வேளைகளை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ப்ரைம் ஏறத்தாழ சூரிய உதயம், டெர்ஸ் காலை 9, செக்ஸ்ட் நண்பகல், நோன் பிற்பகல் 3, வெஸ்பர்ஸ் அந்தி, காம்ப்ளின் படுக்கைக்கு முன். மேட்டின்ஸ் நள்ளிரவுக்குப் பின் விடியலுக்கு முன் வருவது. பருவத்துக்கேற்ப இவை முன்பின்னாக நகரும். கேட்ஃபெல் கதைகளுக்கும் இதே தாள் உதவும். 'வெஸ்பர்ஸ் முடிந்து அவனைப் பார்த்தேன்' என்று ஒரு பாத்திரம் சொன்னால் அது வெறும் அலங்காரம் அல்ல, கொலை நேரத்தில் யார் எங்கே இருந்தார்கள் என்பதற்கான சாட்சி.

கைரேகை, டி.என்.ஏ., கேமரா எதுவும் இல்லாத காலத்தில் எப்படித் துப்பறிவார்கள்?

இந்த வகையின் உயிரே இந்தக் கேள்விதான். நல்ல வரலாற்று மர்ம நாவலில் குற்றமும் தீர்வும் அந்தக் காலத்தின் சட்டத்திலிருந்தே பிறக்கும். வேறொரு நூற்றாண்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால் கதை நிற்காது.

பண்டைய ரோமில் அரசு வழக்கறிஞர் என்று ஒருவர் இல்லை. குற்றம் சாட்டுபவரே ஒரு தனி மனிதர், அவருக்கும் ஒரு லாபம் இருக்கும். அடிமையின் சாட்சியம் சித்திரவதை செய்து வாங்கினால்தான் செல்லும். ஸ்டீவன் செய்லரின் 'ரோமன் பிளட்' (1991), கி.மு. 80இல் தந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்காக இளம் சிசரோ வாதாடிய உண்மை வழக்கை இந்த விதிகளுக்குள்ளேயே நடத்துகிறது.

பழைய சீனத்தில் மாவட்ட நீதிபதியே போலீஸ், அவரே விசாரணை அதிகாரி, தீர்ப்பும் அவருடையதே. குற்றவாளி வாயால் ஒப்புக்கொள்ளாமல் தண்டிக்க முடியாது. அதனால் ராபர்ட் வான் கூலிக்கின் நீதிபதி டீ நாவல்களில் 'யார் கொன்றது' என்பது தெரிந்த பிறகும் பதற்றம் தணியாது; ஒப்புக்கொள்ள வைப்பது தனி வேலை. டீ கற்பனை ஆள் அல்ல. தாங் வம்சத்து அதிகாரி டீ ரென்ஜியே (630–700).

இடைக்கால இங்கிலாந்தில் தேவாலயத்துக்குள் ஓடிப் புகுந்தவரை 40 நாள் வரை இழுத்துச் செல்ல முடியாது. கேட்ஃபெல் வரிசையின் 'த சாங்க்சுவரி ஸ்பேரோ' (1983) அந்த நாட்கணக்கின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. சவத்தில் ஆர்சனிக் நஞ்சு இருப்பதை நம்பகமாகக் காட்டும் மார்ஷ் சோதனை 1836இல் வந்தது. கைரேகைப் பிரிவு கல்கத்தாவில் 1897இலும், ஸ்காட்லாந்து யார்டில் 1901இலும் தொடங்கியது. நீங்கள் எடுத்த நாவலின் ஆண்டு இவற்றுக்கு முன்னா பின்னா என்று பார்த்துக்கொண்டால் துப்புகளை எடை போடுவது எளிது.

தொடர்களை எந்த வரிசையில் படிப்பது? வெளியான வரிசையிலா, கதைக் கால வரிசையிலா?

பொதுவாக வெளியான வரிசை. எழுத்தாளர் வாசகருக்கு எதை எப்போது தெரிவித்தார் என்பதும் கட்டமைப்பின் ஒரு பகுதி. கேட்ஃபெல் ஏன் துறவியானார் என்ற கதை 1120இல் நடக்கிறது, ஆனால் அது வந்தது 1988இல், 'எ ரேர் பெனடிக்டைன்' தொகுப்பில். பத்துப் பன்னிரண்டு நாவல்கள் படித்த பிறகு அதைப் படித்தால்தான் கனம் தெரியும். எலிசபெத் பீட்டர்ஸின் (எல்லிஸ் அல்ல, இவர் வேறு ஆள்) அமீலியா பீபடி வரிசையிலும் பிற்காலத்தில் வந்த சில நூல்கள் இடையில் விட்டுப்போன ஆண்டுகளுக்குப் போகின்றன. அவற்றையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலக்கு, நீதிபதி டீ. ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். கால வரிசையில் முதலாவதான 'த சைனீஸ் கோல்டு மர்டர்ஸ்' (1959) தொடங்க நல்லது. அவருடைய உதவியாளர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது அதில் இருக்கிறது.

இந்தியாவில் நடக்கிற கதைகள்?

இப்போது நிறைய இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. மதுலிகா லிடிலின் முசாஃபர் ஜங், ஷாஜகான் கால டில்லியில் (1656) துப்பறிகிறார். முதல் நூல் 'தி இங்லிஷ்மேன்ஸ் கேமியோ' (2009). அபீர் முகர்ஜியின் 'எ ரைசிங் மேன்' (2016) கல்கத்தா, 1919. இங்கிலாந்திலிருந்து வந்த காவல் அதிகாரி விண்டமும், அவருக்குக் கீழே சுரேந்திரநாத் பானர்ஜியும். ஒரே வழக்கை இருவரும் இரு வேறு நாட்டில் நடப்பதுபோல் பார்க்கிறார்கள் என்பதே அந்த வரிசையின் பலம். சுஜாதா மாஸ்ஸியின் பெர்வீன் மிஸ்திரி, 1921 பம்பாயின் பெண் வழக்கறிஞர். பர்தா முறையில் வாழும் விதவைகளை ஆண் அதிகாரி விசாரிக்க முடியாது, இவரால் முடியும். முதல் பெண் வழக்கறிஞர்களில் ஒருவரான கொர்னேலியா சொராப்ஜியின் வாழ்க்கை இப்பாத்திரத்துக்கு ஓர் ஊற்று. ஹரிணி நாகேந்திராவின் 'த பெங்களூர் டிடெக்டிவ்ஸ் கிளப்' (2022) அதே 1921இல், பெங்களூரில்; நடை எளிது, ரத்தம் குறைவு.

சென்னைக்காரர்கள் விடக்கூடாத வரிசை ஒன்று: ஆஸ்திரேலிய வரலாற்றாசிரியர் பிரையன் ஸ்டாடர்ட் எழுதிய சூப்பரிண்டெண்டென்ட் லெ ஃபானு கதைகள். முதலாவது 'எ மெட்ராஸ் மயாஸ்மா' (2014). 1920களின் சென்னை மாகாண அரசியலும் காவல்துறையின் உட்பூசலும் அதில் வெகு துல்லியமாக இருக்கின்றன.

தமிழில் என்ன இருக்கிறது?

வரலாற்று நாவல் ஏராளம், அவற்றில் விசாரணையை முதுகெலும்பாகக் கொண்டவை குறைவு. சுஜாதாவின் 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை' இராஜராஜன் காலத்தில் நடக்கிறது, கணேச பட்டரும் வசந்தகுமாரனும் யாரை நினைவூட்டுகிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பில் ஓரான் பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு' (தமிழில் ஜி. குப்புசாமி): 1591, இஸ்தான்புல், கிணற்றில் கிடக்கும் பிணமே முதல் அத்தியாயத்தைப் பேசுகிறது. கொலையாளியும் தன் அத்தியாயங்களில் தானே பேசுகிறான், பெயரை மட்டும் சொல்லாமல். அவன் நடையை மற்றப் பாத்திரங்களின் நடையோடு ஒப்பிட்டுக்கொண்டே போனால் நாவல் இன்னொரு தளத்தில் திறக்கும்.

(அடுத்த பத்தியை, 'பொன்னியின் செல்வன்' இன்னும் படிக்காதவர்கள் தாண்டிச் சென்றுவிடுங்கள்.)

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' (1950–54) மர்ம நாவலாக எழுதப்பட்டதல்ல. ஆனால் ஆதித்த கரிகாலன் கொலையை அவர் நாலாபுறமும் சந்தேகம் படரும்படி வைத்துவிட்டு, கத்தி யார் கையிலிருந்து பாய்ந்தது என்பதை மூடியே விட்டார். காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் எனப் பெயர் சொல்லி, அவர்கள் சொத்து பறிமுதலானதைப் பதிவு செய்கிறது. ஏன் கொன்றார்கள் என்று அதில் இல்லை. காலச்சக்ரம் நரசிம்மாவின் 'சங்கதாரா' அந்த இடைவெளியில் நுழைந்து தனக்கென்று ஒரு விடை சொல்கிறது. நாவலையும் கல்வெட்டு வாசகத்தையும் சங்கதாராவையும் இந்த வரிசையிலேயே படிக்கும் குழுவுக்கு மூன்று மாதம் பேச விஷயம் கிடைக்கும்.

ஆராய்ச்சி செய்து எழுதியதா, ஒப்பேற்றியதா என்று வாங்கும் முன் எப்படித் தெரிந்துகொள்வது?

சாப்பாடு, நேரம், பணம் மூன்றையும் பாருங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, முந்திரி, கொய்யா, புகையிலை எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வருகைக்குப் (1498) பின் இங்கு வந்தவை. சோழர் கால அடுப்பில் மிளகாய் வற்றல் வதங்கினால் மற்றதையும் சந்தேகப்படலாம். பாத்திரங்கள் நாழிகையிலும் ஜாமத்திலும் நினைக்காமல் 'ஐந்து நிமிடம் பொறு' என்றால் அதுவும் அப்படித்தான். கொலையைத் தீர்க்கும் துப்பே இப்படிப் பிழையாக இருந்தால் நாவலே விழுந்தது; ஓரத்தில் ஒன்றிரண்டு நழுவியிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

அறிந்தே செய்த மாற்றம் வேறு. வான் கூலிக் தாங் காலக் கதையில் மிங் காலப் பழக்கவழக்கங்களை வைத்தார், பழைய சீனத் துப்பறியும் நாவல்களின் மரபு அது என்று வெளிப்படையாகவும் எழுதினார். அது குறையாகாது.

கடையில் கடைசிப் பக்கங்களில் ஆசிரியர் குறிப்பு இருக்கிறதா, எத்தனை பக்கம் என்று மட்டும் பாருங்கள். படித்துவிடாதீர்கள், பல குறிப்புகள் முடிவை எடுத்த எடுப்பில் சொல்லிவிடும்.

புதிதாக வருகிறவற்றைக் கண்டுபிடிக்க என்ன வழி?

மேலே சொன்ன பிரிட்டிஷ் விருதின் நெடும்பட்டியலைப் பாருங்கள்; வென்ற ஒன்றைவிட, வெல்லாத பத்தில் உங்கள் ரசனைக்கான நூல் கிடைக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவின் அகதா, லெஃப்டி விருதுகளிலும் வரலாற்று மர்மத்துக்குத் தனிப்பிரிவு உண்டு. அவை மென்மையான கதைகளின் பக்கம் சாயும்.

தேடும்போது இரண்டு இடங்களில் ஏமாறுவோம். ஒன்று, புனைபெயர். எல்லிஸ் பீட்டர்ஸ் என்பது எடித் பார்ஜெட்டர், எலிசபெத் பீட்டர்ஸ் என்பது எகிப்தியல் முனைவர் பார்பரா மெர்ட்ஸ். இருவர் நூல்களும் நூலக அலமாரியில் அடுத்தடுத்து நிற்கும், பட்டியலிலும் குழம்பிக் கிடக்கும். இன்னொன்று, நாட்டுக்கு நாடு மாறும் தலைப்பு. பெர்வீன் மிஸ்திரியின் முதல் நாவல் அமெரிக்காவில் 'த விடோஸ் ஆஃப் மலபார் ஹில்', இந்தியாவில் 'எ மர்டர் ஆன் மலபார் ஹில்'. இரண்டையும் வாங்கியவர்கள் உண்டு. பதிப்புரிமைப் பக்கத்தில் முதல் வெளியீட்டு ஆண்டையும் மூலத் தலைப்பையும் பார்த்தால் இது நேராது.

இந்தியாவில் பதிப்பிக்கப்பட்டு அச்சில் இல்லாமல் போன நூல் என்றால் சென்னை கன்னிமாரா நூலகத்தில் கேளுங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியப் பதிப்புகளின் பிரதி சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று.

நண்பருக்குப் பரிந்துரைக்கும்போது எவ்வளவு சொல்லலாம்?

ஊர், ஆண்டு, துப்பறிபவர் யார், அவருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது, வரிசையில் எத்தனையாவது, கொடூரம் எந்த அளவு. கதையில் முதல் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டி எதையும் சொல்ல வேண்டாம். 'முடிவை ஊகிக்கவே முடியாது' என்பதும் முடிவைச் சொல்வதுதான். கேட்டவர் முதல் பக்கத்திலிருந்து சந்தேகம் வராத ஆளையே தேடுவார். தொடர் என்றால் பின்வரும் நூல்களின் பின்னட்டையைக் கூட அனுப்பாதீர்கள். யார் யாரை மணந்தார், யார் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பது அங்கே அச்சிட்டிருக்கும்.

குழுவாகப் படிக்கும்போது நாவலை எப்படிப் பிரிப்பது?

பக்கத்தைச் சமமாக வகுப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. 400 பக்க நாவலை நான்கு நூறாக வெட்டினால் மூன்றாவது சந்திப்பு பெரும்பாலும் ஒரு துரத்தலின் நடுவில் விழும், நான்காவதற்குள் பாதிப் பேர் ரகசியமாக முடித்திருப்பார்கள். கதையின் மூட்டுகளில் நிறுத்துங்கள்.

முதல் நிறுத்தம், உடல் கிடைத்து விசாரணைக்கு ஆள் நியமிக்கப்படும் இடம். இங்கே பேச வேண்டியது காலமும் சட்டமும்: யாருக்கு யாரைக் கேள்வி கேட்க உரிமை? இரண்டாவது, பாதி கடந்து முதல் சந்தேகம் பொய்த்துப்போகும் இடம். மூன்றாவது, முக்கால் பங்கில், துப்புகள் எல்லாம் மேசைக்கு வந்துவிட்ட இடம். அன்று ஒவ்வொருவரும் கொலையாளி, காரணம், ஆதாரமான பக்க எண் மூன்றையும் சீட்டில் எழுதி மடித்து ஒருவரிடம் கொடுக்க வேண்டும். பக்க எண் கட்டாயம், இல்லாவிட்டால் வெறும் குருட்டு ஊகம்தான் வரும். மீதிக் கால் பங்கை அவரவர் வீட்டில் ஒரே மூச்சில் படித்துவிட்டு, எல்லாரும் முடித்த பிறகே கடைசிச் சந்திப்பு. அன்று சீட்டுகளைப் பிரித்து, எந்தத் துப்பை எந்தப் பக்கத்தில் தவறவிட்டோம் என்று பின்னோக்கிப் புரட்டுங்கள். சந்திப்புகளில் மிகவும் களைகட்டுவது இதுதான்.

இந்த நிறுத்தங்களைக் குறிக்க, ஏற்கெனவே படித்தவர் ஒருவர் வேண்டும். அவர் கூட்டத்தில் ஊகம் சொல்லக்கூடாது, தலையாட்டவும் கூடாது. ஆறு முதல் பத்துப் பேர் வரை சரியாக வரும். அதற்கு மேல் போனால் இருவர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள்.

வரலாறு தெரிந்தவருக்கு முடிவு முன்னாலேயே தெரிந்துவிடாதா?

அரசர், அமைச்சர் கதி தெரியும். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1540இல் தலை வெட்டப்பட்டார் என்று தெரிந்தவர், அதே ஆண்டில் நடக்கும் ஷார்ட்லேக் வரிசை நாவல் 'டார்க் ஃபயர்'ஐ இன்னும் பதைப்போடுதான் படிப்பார், ஏனென்றால் ஷார்ட்லேக்குக்கு அது தெரியாது. மர்மம் எப்போதும் கற்பனைப் பாத்திரங்களிடம்தான் இருக்கும். தெரியாதவர்களுக்கு அதைச் சொல்லிவிடாமல் இருப்பது மட்டும் போதும்.

வாட்ஸ்அப் குழுவில் முடிவு உடைந்துவிடுகிறதே?

நீளமான செய்தியை வாட்ஸ்அப் மடித்துக் காட்டும், ஆனால் அறிவிப்பில் முதல் வரி தெரிந்துவிடும். ஆகவே முதல் வரியில் நூலின் பெயரும் எந்த நிறுத்தம் வரை என்பதும் மட்டும் இருக்கட்டும். பதிலளிக்கும்போது பழைய செய்தியை மேற்கோளாக இழுத்தால் மறைத்தது வெளியே வரும், அதையும் தவிர்க்க வேண்டும். டெலிகிராமில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஸ்பாய்லர் வடிவம் கொடுத்தால், தொட்டால்தான் தெரியும். குழு பெரிதானால் அங்கே மாறுவது நல்லது.

பெயர்கள் மனதில் நிற்பதில்லை.

நீதிபதி டீ நாவல்களின் முன்பக்கத்தில் வழக்கு வாரியாகப் பாத்திரப் பட்டியல் இருக்கும், அதைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் இல்லாத நூலுக்கு நீங்களே எழுதும்போது பெயரோடு தொழிலையும், கொல்லப்பட்டவருக்கு என்ன உறவு என்பதையும் எழுதுங்கள். வரலாற்றில் உண்மையாக வாழ்ந்தவர்களுக்கு ஒரு நட்சத்திரக் குறி போட்டு வையுங்கள்.

பி.டி.எஃப். பகிரலாமா?

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. வான் கூலிக் 1967இல் இறந்தார், ஆகவே அவர் வாழ்நாளில் வெளியிட்ட நூல்களுக்கு 2027 முடியும் வரை உரிமை இருக்கிறது. மேலே சொன்ன மற்ற ஆங்கில மர்ம நாவல்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் நெடுங்காலம் இருக்கிறது. கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையாகிவிட்டன. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மற்றவற்றுக்குக் குழுவில் இரண்டு மூன்று அச்சுப் பிரதிகள் வாங்கிச் சுற்றுக்கு விடுங்கள். படிப்பவர் ஓரத்தில் பென்சிலால் கூட எதையும் எழுதக்கூடாது என்ற விதி இதற்கு அவசியம். 60ஆம் பக்கத்தில் யாரோ ஒரு பெயருக்குக் கீழே போட்ட கோடு, அடுத்தவருக்குக் கொலையாளியைக் காட்டிக்கொடுத்துவிடும்.